மணல் கொல்லையில் ஆட்டு வேலி: இரண்டு மூலை நின்றது, மூன்றாவது இழுக்கிறது

ஐப்பசி, கார்த்திகை மழை ஓய்ந்த பிறகு நேற்று வேலியை ஒரு சுற்று சுற்றி வந்தேன். மேற்குப் பக்கத்து இரண்டு மூலைக்கல்லிலும் ரசமட்டம் வைத்தால் குமிழ் நடுவிலேயே நிற்கிறது. மேல்கம்பியைச் சுண்டினால் நாதம் வருகிறது. கடலூர் மாவட்டத்துத் திருச்சோபுரம், ஆலப்பாக்கம் பக்கத்து மணலில் வேலி போட்டவர்களுக்கு இதன் அருமை புரியும். இங்கே கல் ஊன்றுவது அரை நாள் வேலை. ஊன்றிய கல் தை வரைக்கும் நிமிர்ந்து நிற்க வேண்டுமே, அதுதான் பாடு.

வலை விஷயம் சுருக்கமாக: வெள்ளாட்டுக்கு நாலரை அடி முடிச்சு வேலி (கம்பிகள் சேரும் இடமெல்லாம் முடிச்சுப் போட்ட வலை), கீழே நெருக்கமான கண், மேலே போகப் போக அகலம். டைமண்ட் வலையில் முன்னங்காலைத் தூக்கி வைத்து நின்றே தொட்டிலாக்கிவிடுகின்றன. முள்கம்பியை ஆட்டுக்குச் சிபாரிசு செய்பவர் மடி கிழிந்த ஆட்டுக்குத் தையல் போட்டதில்லை என்று அர்த்தம். ஆறு அங்குலச் சதுரக் கண்ணும் வேண்டாம். கொம்புள்ள கிடா தலையை உள்ளே விடும், வெளியே எடுக்கத் தெரியாது. அப்போது தெருநாய் வந்தால் கதை முடிந்தது.

சரி, மூலைக்கால்.

முன்பு வேலி போட்டுக் கொடுத்த ஒப்பந்தக்காரர் எல்லோரும் செய்வதைத்தான் செய்தார். மூலையில் ஒரு கருங்கல் கால், அதற்கு வேலிப் பக்கமாக ஒரு சாய்ந்த முட்டுக்கல். கல் மிச்சம் பிடிக்க முட்டுக்கல்லைக் குட்டையாக, செங்குத்தாக வைத்துவிட்டார். வேலி இழுக்கும்போது முட்டு மூலைக்கல்லைத் தாங்க மட்டும் செய்வதில்லை, மேலே தள்ளவும் செய்கிறது. முட்டு எவ்வளவு செங்குத்தோ அவ்வளவு தள்ளல். களிமண் என்றால் மண் கல்லைக் கவ்விப் பிடிக்கும். மணலில் ஒவ்வொரு மழைக்கும் கல் ஒரு விரல் மேலே வரும், பிறகு சாயும். சாய்ந்ததும் வலை தொய்யும், வலை தொய்ந்ததும் ஆடு வெளியே. பக்கத்து முந்திரிக் கொல்லைக்காரர் "தம்பி, உங்க ஆடு இன்னிக்கும் வந்துச்சு" என்று சொல்வதை ஒரு வருஷம் கேட்டாயிற்று.

இந்த முறை முட்டுக்கல்லையே எடுத்துவிட்டு 'எச்' வடிவக் கட்டு. மூலைக்கல்லிலிருந்து வேலிக் கோட்டிலேயே பத்தடி தள்ளி இன்னொரு கனமான கல், அதுதான் உள்கல். இரண்டுக்கும் நடுவில், மேல்கம்பிக்குச் சற்றுக் கீழே, படுக்கையாக ஒரு குறுக்குத் தண்டு. அப்புறம் மூலைவிட்டமாக இரட்டைக் கம்பி ஓட்டி, நடுவில் ஒரு கம்பித் துண்டைச் செருகி முறுக்க வேண்டும். மூலை என்றால் இரண்டு திசைக்கும் இழுப்பு உண்டு, ஆகவே இரண்டு கட்டு, மொத்தம் மூன்று கல்.

மூலைவிட்டக் கம்பி எந்தப் பக்கம் போகிறது என்பதில்தான் பாதிப் பேர் கோட்டை விடுகிறார்கள். மூலைக்கல்லின் அடியிலிருந்து உள்கல்லின் தலைக்குப் போக வேண்டும். வேலி மூலைக்கல்லின் தலையை உள்ளே இழுக்கும், தண்டு அந்த இழுப்பை உள்கல்லின் தலைக்குக் கடத்தும், அந்தத் தலை சாயாமல் கம்பி பிடித்துக்கொள்ளும். மாற்றிக் கட்டினால் வேலி இறுக இறுகக் கம்பி தளரும். பார்க்க அழகாக இருக்கும், வேலை செய்யாது. எங்கள் கொத்தனார் அண்ணன் "ரெண்டு பக்கமும் கட்டிடுவோம் சார், எதுவோ ஒண்ணு பிடிக்கும்" என்றார். கம்பி வாங்கிக் கொடுப்பது நான்தானே!

தண்டின் நீளத்திலும் கஞ்சத்தனம் கூடாது. தண்டு இருக்கும் உயரத்தைப்போல் குறைந்தது இரு மடங்கு நீளம் வேண்டும். இரு மடங்கு இருந்தால் மூலைக்கல்லை மேலே தூக்கும் விசை, வேலி இழுக்கும் விசையில் பாதிதான். நீளமும் உயரமும் சமமாக இருந்தால் இழுப்பு முழுவதும் தூக்கலாக வந்துவிடும்.

தண்டுக்கு முதலில் நினைத்தது சவுக்கு. நம் பக்கம் சவுக்குக்கு என்ன பஞ்சம்? ஆனால் தார் பூசினாலும் கரையான் விடாது. கடைசியில் பழைய இரும்புக்கடையில் போர் பைப் கிடைத்தது. ஆழ்துளைக் கிணற்றுக்குப் பலரும் பிளாஸ்டிக் குழாய்க்கு மாறிவிட்டதால் ஜி.ஐ. குழாய் (துத்தநாகம் பூசிய இரும்புக் குழாய்) எடைக்குப் போடப்படுகிறது. போல்ட், வெல்டிங் எதுவும் தேவையில்லை. கல்லில் உளியால் ஓர் அங்குலம் குழி கொத்தி, குழாயின் நுனியை அதில் உட்கார வைத்தால் போதும். அழுத்தம்தானே வருகிறது, எங்கே போகும்? கொத்தும்போது கல் பிளக்காமல் இருக்க உளியைச் சாய்த்துப் பிடித்து மெதுவாகத் தட்ட வேண்டும். அவசரக்காரரிடம் உளியைக் கொடுக்காதீர்கள்.

மணலில் மூன்றடிக் குழி தோண்டுவது தனிக் கலை. தோண்டத் தோண்டப் பக்கவாட்டு சரிந்து, குழி கிணறு மாதிரி அகலும். முதல் நாள் மாலையே அந்த இடத்தில் தண்ணீர் விட்டு ஊறவைத்தால் சரிவு பாதி குறையும். மீதிக்கு 200 லிட்டர் பிளாஸ்டிக் டிரம். மேலும் கீழும் அறுத்து, ஒரு பக்கம் நெடுக வாய் பிளந்து, கயிற்றால் சுற்றிக் கட்டிக் குழியில் இறக்க வேண்டும். உள்ளே மண்ணை அள்ள அள்ள டிரம் தானாகக் கீழே போகும். அதன் உயரம் கிட்டத்தட்ட மூன்றடி என்பதால் ஆழத்தை அளக்கும் வேலையும் மிச்சம். கல்லை நிறுத்தித் தூக்குக்குண்டு பார்த்து, கான்கிரீட் போடும்போதே டிரம்மைக் கொஞ்சம் கொஞ்சமாக உருவி, மேலே வந்ததும் கயிற்றை அவிழ்த்துப் பிரித்து எடுத்துவிடலாம். உள்ளேயே விட்டால் வழுவழுப்பான பிளாஸ்டிக்கை மணல் பிடிக்காது. முக்கால் டிரம் கான்கிரீட் என்றால் 350 கிலோ அளவுக்கு வரும், அந்த எடைதான் தூக்கலுக்குப் பதில். கூடவே, வேலி இழுக்கும் பக்கம் தரைமட்டத்துக்குச் சற்றுக் கீழே ஒரு பலகைக் கல்லைக் கல்லோடு ஒட்டிக் குறுக்காகப் புதைத்தேன். மணலில் சாய்வைத் தடுப்பது ஆழம் மட்டுமல்ல, இந்த அகலமும்தான்.

கான்கிரீட் இறுகும்வரை கம்பியைத் தொடாதீர்கள். ஆள் கூலி நிற்கிறதே என்று மறுநாளே கம்பியை இழுத்து இறுக்கும் ராட்செட்டை மாட்டினால் எல்லாம் வீண்.

இழுக்கும் நேரத்தையும் பார்க்க வேண்டும். 100 மீட்டர் இரும்புக் கம்பி, வெப்பம் 20 டிகிரி மாறினால் சுமார் 2.4 செ.மீ. நீளும் அல்லது சுருங்கும். சித்திரை உச்சி வெயிலில் விறைப்பாக இழுத்துவிட்டால் மார்கழி விடியலில் மூலைக்கல் அழும். நான் காலை ஒன்பது, பத்து மணிக்கு இழுக்கிறேன். நடுக்கல்லில் கட்டுக்கம்பியை நெரித்து முறுக்காமல், வேலிக் கம்பி நகர இடம் விட்டுக் கட்டியிருக்கிறேன். தானே புயலில் சாய்ந்ததுபோல் மறுபடி ஒரு சவுக்கு வேலிமேல் விழுந்தால், அந்த அதிர்ச்சி ஒரே இடைவெளியில் நிற்காமல் நெடுகப் பரவ வேண்டும்.

கடல் காற்றுக்குத் துரு பற்றி: அறுத்த நுனியிலிருந்துதான் ஆரம்பிக்கிறது. ஒவ்வொரு நுனிக்கும் ஜிங்க் பெயிண்ட் ஒரு தொடு. பளபளவென்று மின்னும் கட்டுக்கம்பியை நம்பாதீர்கள். கடலூர் முதுநகரில் ஒரு கடையில் அப்படி வாங்கியது ஒரே மழையில் செம்பட்டையாகிவிட்டது. கடைக்காரரிடம் கேட்டால் "உங்க ஊர் காத்து அப்படி" என்கிறார். காற்றை அவரிடம் வாங்கவில்லையே!

அடுத்து வெளிப்பக்கம் நாய்க்காக முழங்கால் உயரத்தில் ஒரு சோலார் மின்வேலிக் கம்பி ஓட்ட ஆசை. மின்சாரத்தை விட்டு விட்டு அனுப்பும் துடிப்புக் கருவி வைத்துத்தான், மின் இணைப்பிலிருந்து நேரடியாகக் கொடுப்பது கொலைக்குச் சமம். ஆனால் காய்ந்த மணல் மின்சாரத்தைச் சரியாகக் கடத்தாது, நாய் தொட்டாலும் சுருக்கென்று உறைக்காது. மின் கம்பிக்குப் பக்கத்திலேயே எர்த் கம்பி ஒன்றும் ஓட்டினால், இரண்டையும் சேர்த்துத் தொடும்போது அடிக்கும் என்கிறார்கள். மூலைகளெல்லாம் முடிந்த பிறகுதான் அதில் கை வைக்க முடியும்.

அந்த மூன்றாவது மூலை வாய்க்கால் ஓரம். இரண்டடி தோண்டினாலே ஊற்று. டிரம்முக்குள்ளேயே தண்ணீர் ஏறி, அள்ளிய மணல் கூழாக மறுபடி நிரம்புகிறது. மோட்டார் வைத்து இறைத்தும் பார்த்தாயிற்று. இப்போதைக்கு அங்கே ஒரு பனந்துண்டை நட்டு, வலையை விறைப்பில்லாமல் கட்டி வைத்திருக்கிறேன். ஆடுகளும் அந்த மூலையைக் கண்டுபிடித்துவிட்டன. பங்குனியில் ஊற்று இறங்கும், அப்போது டிரம்மை மறுபடி இறக்க வேண்டும். அதற்குள் கிழக்குப் பக்கத்துக் கேட்டுக்குக் கல் பார்க்க விழுப்புரம் பக்கம் ஒரு நடை போகலாம் என்றிருக்கிறேன். எட்டடிக் கல், பிளவு இல்லாமல், நியாயமான விலையில் தருகிற இடம் தெரிந்தால் சொல்லுங்கள்.