ஆடிக்கு முன்னால்

ஜூன் 8, 2025, ஞாயிறு

வயிற்றில் குழந்தையைச் சுற்றியிருக்கிற தண்ணி ஸ்கேனில் 8. மனைவியை இடது பக்கமாகவே படுக்கச் சொல்லியிருக்கிறார்கள்.

ஜூன் 9, திங்கள்

தர்மகர்த்தா போன் செய்தார். ஆடி முதல் வெள்ளிக்குள் பாட்டு வேண்டுமாம், அதாவது ஜூலை 18. "தம்பி, இப்பதான் கம்ப்யூட்டரே பாடுதே. உங்க மாமா குரல்லயே புதுப் பாட்டு ஒண்ணு போட்டுக் குடு. ஊரே அழுதுடும்." மாமா என்றால் அவளுடைய அப்பா, பம்பை அடித்துப் பாடியவர், இப்போது இல்லை. அழ வைப்பதற்கு ஒரு ரேட்டும் சொன்னார். பார்க்கிறேன் என்றேன். வீட்டில் இன்னும் சொல்லவில்லை.

ஜூன் 11, புதன்

அவள் தூங்கிய பிறகு சூனோவில் உட்கார்ந்தேன், கேட்டால் பாட்டே செய்து தருகிற ஏஐ. பம்பை, உடுக்கை, சிலம்பு, கிராமத்து அம்மன் பாட்டு என்று எழுதிக் கொடுத்தால், காபி ஆறுவதற்குள் ஒன்றுக்கு இரண்டாகப் பாட்டு வந்து நிற்கிறது. மிக்ஸிங் சுத்தம். அந்த பேஸை என் ஸ்பீக்கரில் கொண்டுவர எனக்கு ஒரு வாரம் ஆகும், வயிறு எரிந்தது உண்மை.

ஆனால் பம்பை என்று அது நினைத்துக்கொண்டிருப்பது தவிலும் டோலும் கலந்த என்னவோ ஒன்றை. மரத்தில் ஒன்று, வெண்கலத்தில் ஒன்று என்று சேர்த்துக் கட்டியிருக்கும் அந்தப் பேச்சு அதில் இல்லை. அதைக்கூட விட்டுவிடலாம். தொடக்கத்திலிருந்து கடைசி வரை ஒரே வேகம்! அப்படி அடித்தால் யாருக்குச் சாமி வரும்? மாமா எதிரில் நிற்கிறவரின் தோளைப் பார்த்துக்கொண்டேதான் காலத்தை ஏற்றுவார். தோள் துள்ளினால் ஒரு படி ஏற்றம். ஆள் தளர்ந்தால் இறக்கிவிட்டு, விபூதி போடுகிற நேரத்துக்கு உடுக்கையை மட்டும் பேசவிடுவார். கம்ப்யூட்டர் யாருடைய தோளைப் பார்க்கும்?

ஜூன் 12, வியாழன்

கரண்ட் இல்லை. வேலூர் சத்துவாச்சாரி முழுக்க இல்லை. விசிறிக்கொண்டே இருந்தேன்.

ஜூன் 15, ஞாயிறு

சாட்ஜிபிடியிடம் வரி கேட்டேன். "அருள்மழை பொழிவாய் தாயே, இருள் நீக்கி ஒளி தருவாய்." எதுகை உண்டு. ஆத்தா இல்லை. எங்கள் பக்கத்தில் அம்மனை யார் இப்படி வணங்கிக் கூப்பிடுகிறார்கள்? வாடி என்பார்கள், கண்ணு தெரியலையா உனக்கு என்பார்கள், போன வருஷம் மழை தர்றேன்னியே எங்கேடி என்று சண்டைக்கு நிற்பார்கள். கொஞ்சம் திட்டி எழுது என்றேன். பக்தர்களின் மனம் புண்படாதபடி மென்மையான மாற்று வடிவம் தருகிறதாம். சிரிப்பு வந்துவிட்டது. அவளிடம் படித்துக் காட்டினேன், அவளும் சிரித்தாள், அப்புறம் வயிற்றைப் பிடித்துக்கொண்டாள், நான் பயந்து போனேன். ஒன்றுமில்லை, உதைக்குது என்றாள்.

ஒரு உபயோகம் மட்டும் உண்டு. அது சட்டென்று தருகிற வரி எதுவோ அதை ஊரில் எல்லாரும் ஏற்கெனவே எழுதிவிட்டார்கள் என்று வைத்துக்கொள்ளலாம். தருகிற வரியை எல்லாம் நோட்டில் ஒரு பக்கமாக எழுதிவைத்து, அவற்றை என் பாட்டில் தொடுவதில்லை என்று முடிவு செய்திருக்கிறேன்.

ஜூன் 18, புதன்

தண்ணி 7.

ஜூன் 19, வியாழன்

ஏழு பரவாயில்லை, ஐந்துக்குக் கீழே போனால்தான் கவலை என்றார் டாக்டர். எட்டு ஏழானது, ஏழு ஆறாகாதா? கேட்கவில்லை. இளநீர் வாங்க கிரீன் சர்க்கிள் வரை போய்விட்டு, வாங்காமல் திரும்பி வந்து, மறுபடி போனேன்.

ஜூன் 22, ஞாயிறு

அத்தையின் பெட்டியிலிருந்து கேசட் கிடைத்தது. சி-60, ஒரு பக்கம் அரை மணி. தொண்ணூறுகளில் யாரோ கோயில் வாசலில் டேப் ரெக்கார்டரை வைத்து எடுத்தது. ஜெனரேட்டர் சத்தம், குழந்தை அழுகை, "ஏய் தள்ளு தள்ளு", நடுவில் மாமா.

டெமக்ஸில் போட்டேன். மெட்டாக்காரர்கள் இலவசமாக விட்டிருக்கிற மென்பொருள், என் பழைய கம்ப்யூட்டரிலேயே ஓடுகிறது. கலந்து கிடக்கிற ஒலியைக் குரல், டிரம்ஸ், பேஸ், மற்றவை என்று நான்காகப் பிரிக்கும். பீட்டில்ஸ்காரர்கள் 2023-இல் லெனனின் பழைய கேசட்டிலிருந்து குரலைப் பியானோவிலிருந்து பிரித்தார்களே, வேலை அதே வகைதான். அதற்கு இந்த ஆண்டு கிராமி கிடைத்தது. எனக்கு அத்தை மோர் கொடுத்தார்.

மாமாவின் குரல் தனியாக வந்தது. ஜெனரேட்டர் போய்விட்டது. ஆனால் உடுக்கை பாதி இடங்களில் குரல் டிராக்கில் ஏறி உட்கார்ந்திருக்கிறது. கயிற்றை அழுத்தும்போது அது "ஊம்ம்" என்று வளைகிறது இல்லையா, அதை மனிதன் என்று நினைத்துவிட்டது. வெண்கலப் பம்பை டிரம்ஸுக்கு, மரப் பம்பையின் அடிக்குரல் பேஸுக்கு. ஒரே ஆள் ஒரே இடுப்பில் கட்டி அடித்ததை இரண்டு அறையில் பூட்டியிருக்கிறது. கோபப்பட்டுப் பயனில்லை. இந்த மென்பொருள்களைச் சோதித்துப் பார்க்க உலகம் முழுக்கப் பயன்படுத்துகிற மியூஸ்டிபி18 தொகுப்பில் 150 பாட்டு, ஏறக்குறைய 10 மணி நேரம். பெரும்பாலும் மேற்கத்திய பாப், ராக். அணைக்கட்டு ஊர்ப் பக்கத்து உடுக்கையை அது எங்கே கேட்டிருக்கும்.

பேஸையும் டிரம்ஸையும் திரும்பச் சேர்த்தேன். மாமாவின் பம்பை முழுசாகக் கிடைத்தது, குரல் இல்லாமல். இதுவரை யாருமே அப்படிக் கேட்டதில்லை.

ஜூன் 24, செவ்வாய்

பம்பை டிராக்கைப் பாதி வேகத்தில், சுருதி மாறாமல், பையன்களுக்கு அனுப்பினேன். மாமாவிடம் கற்றவர்களிடம் கற்றவர்கள் இவர்கள். ஒருவன் ராத்திரி பதினோரு மணிக்குப் போன் செய்து, "அண்ணா, எடது கையி நடுவுல ஒண்ணு விட்டுப் பிடிக்கிறாரு, இத யாருமே எங்களுக்குச் சொல்லித் தர்ல" என்றான். போனிலேயே தொடையில் தட்டிக் காட்டினான்.

இந்த ஒன்றுக்காகவே கம்ப்யூட்டர் வாங்கிய கடன் தீர்ந்தது போல இருந்தது. புதிதாகச் செய்து கொடு என்று கேட்கும்போது எல்லாருடையதையும் கலக்கி ஊற்றுகிறது. இருப்பதைத் திறந்து காட்டு என்றால் நன்றாகத்தான் காட்டுகிறது.

ஜூன் 27, வெள்ளி

கேசட் எந்த வேகத்தில் ஓடியது? அன்றைக்கு எடுத்த மெஷின் ஒரு வேகம், இன்று என் டெக் ஒரு வேகம். சாதாரணமாக இதைக் கரண்ட் இரைச்சலை வைத்துப் பிடிப்பார்கள். நம் நாட்டில் அது 50 ஹெர்ட்ஸ். என் ஃபைலில் இரைச்சல் 51.5-இல் இருக்கிறது. அப்படியானால் டேப் மூன்று சதவீதம் வேகமாக ஓடுகிறது, அரைச்சுரத்தில் பாதி ஏறியிருக்கிறது. ஆனால் அன்று ஓடியது ஜெனரேட்டர். ஜெனரேட்டர் 50-இல்தான் நிற்கும் என்று எவன் எழுதிக் கொடுத்தான்?

கடைசியில் ஹெட்போனை அவள் காதில் வைத்தேன். இடது பக்கம் படுத்தபடியே, கண்ணை மூடிக்கொண்டு, "நைனா இவ்ளோ கீச்சுனு பாடமாட்டாரு" என்றாள். இறக்கினேன். "இன்னும்." இறக்கினேன். "ம்." அந்த இடத்தில் இரைச்சல் 50-க்கும் கீழே போய்விடுகிறது, கணக்குக்கு வராத ஒரு இடம். கடைசி வருடங்களில் மாமாவுக்குக் குரல் தடித்துவிட்டது, அவளுக்கு அந்தக் குரல்தான் ஞாபகம் இருக்கிறதோ? கேசட்டில் பாடுகிறவருக்கு அப்போது என் வயதுகூட இருந்திருக்காது. அவள் சொன்ன இடத்திலேயே விட்டுவிட்டேன்.

ஜூன் 28, சனி

அழுதாள். கேசட்டுக்காக இல்லையாம். கால் வீக்கமாம்.

ஜூலை 1, செவ்வாய்

இருபது நிமிடம் வயிற்றில் பெல்ட்டைக் கட்டி இதயத்துடிப்பு எடுத்தார்கள். 148. சத்தத்தை வைத்துக்கொண்டே நிமிடக் கணக்குப் போட்டேன், கை தானாகப் போகிறது. 110-இலிருந்து 160 வரை சரியாம். ஒரு தடவை 120-க்கு இறங்கி ஏறியது. நர்ஸ் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. எனக்கு உயிர் போய் வந்தது.

வீட்டுக்கு வந்து கேசட்டின் தாளத்தை மென்பொருளை வைத்துக் கோடாக வரைந்தேன். நிமிடத்துக்கு 84 தட்டில் தொடங்கி, ஏறி, ஒரு இடத்தில் சடாரென்று இறங்கி, மறுபடி ஏறி 140 தாண்டுகிறது. என் கீபோர்டையும் கோரஸையும் இந்தக் கோட்டின் மேலேயே ஓட்டலாம், ஒரே வேகக் கட்டத்துக்குள் அடைக்க வேண்டாம். அந்த இறக்கத்தில் யாரோ விழுந்திருக்க வேண்டும். "தள்ளு தள்ளு" அங்கேதான் வருகிறது.

ஜூலை 3, வியாழன்

தர்மகர்த்தா. குரல் என்னாச்சு, குரல் என்னாச்சு.

ஜூலை 4, வெள்ளி

செய்யலாம். அதுதான் தொல்லை. குரல் மாற்றும் மாடலுக்குப் பத்து நிமிடச் சுத்தமான குரல் இருந்தால் போதும் என்கிறார்கள், என்னிடம் அதற்கு மேலேயே இருக்கிறது. ஆனால் முதலில் யாராவது ஒருவர் பாட வேண்டும். மூச்சு விடுவது, இழுப்பது, எங்கே நிறுத்துவது எல்லாம் அந்த ஆளுடையது, மாமாவின் தொண்டையை மேலே போர்த்துகிறோம். ஆக மாமா பாடப்போவதில்லை. நான் பாடி மாமா பெயரைப் போடப்போகிறேன்.

ரஹ்மான் 2024-இல் மறைந்த பாடகர்கள் பம்பா பாக்யா, சாகுல் ஹமீது இருவர் குரலையும் இப்படிக் கொண்டுவந்தபோது குடும்பத்தாரிடம் அனுமதி வாங்கியதாகவும் பணம் கொடுத்ததாகவும் சொன்னார். அதே வருடம், எஸ்.பி.பி. குரலைத் தங்களைக் கேட்காமல் தெலுங்குப் படம் ஒன்றில் உருவாக்கிவிட்டார்கள் என்று மகன் சரண் வக்கீல் நோட்டீஸ் அனுப்பினார். அரிஜித் சிங் தன் குரலைக் காக்க பம்பாய் உயர் நீதிமன்றத்துக்கே போய்த் தடை வாங்கினார். என் வழக்கில் குடும்பம் அடுத்த அறையில் பருப்பு புடைத்துக்கொண்டிருக்கிறது.

சொன்னேன். அத்தை முறத்தை நிறுத்தாமல், "எவ்ளோ குடுப்பாங்களாம்?" என்றார்.

ஜூலை 5, சனி

காலையில் அத்தையே ஆரம்பித்தார். "நல்லா யோசிச்சேன் மாப்ளே. அவுரு இருந்தா இந்த ரேட்டுக்குப் பாடமாட்டாரு. அட்வான்ஸ் வாங்காம பம்பையத் தொட்டதே கெடையாது."

அவள் வேறு சொன்னாள். "நைனா பாட்டுக்கு நடுவுல எதிர்ல நிக்கிறவங்க பேரச் சேப்பாரு. இன்னார் வூட்டு மருமவ கூழு ஊத்தினா, இன்னார் பேரன் தேர் இழுத்தான்னு. அந்தக் குரலு யார் பேரச் சொல்லும்?"

ஜூலை 6, ஞாயிறு

தண்ணி 6.

ஜூலை 9, புதன்

படவேட்டுக்கு வேண்டிக்கொண்டேன். ரேணுகாம்பாள் திட்டுகளைக் கேட்டுப் பழகியவள், நான் திட்டவில்லை, மரியாதையாகவே கேட்டேன். அந்த சாட்ஜிபிடியைப் போல.

ஜூலை 10, வியாழன்

தர்மகர்த்தாவிடம் சொல்லிவிட்டேன். தொடக்கத்தில் கேசட்டிலிருந்து மாமாவின் சொந்த விருத்தம், அவர் பாடியது பாடியபடி. இரைச்சலைக்கூட முழுசாக எடுக்கப்போவதில்லை, ஊர் சத்தம் கொஞ்சம் இருக்கட்டும். அதற்கப்புறம் புதுப் பாட்டு, பையன்களின் பம்பை, உயிரோடு இருக்கிற குரல். அட்டையில் எது பழையது எது புதியது என்று போடுவோம். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. "அப்ப கம்ப்யூட்டர் எங்க வருது?" என்றார். டெமக்ஸ் பற்றி விளக்கினேன். "அதுக்கு ஏன் தம்பி இவ்ளோ ரேட்டு?" ரேட்டைச் சொன்னதே அவர்தான்.

இன்னொன்றும் சொல்லியிருக்கலாம். வெறும் குறிப்பு எழுதி மெஷின் தருவதை வாங்கிக்கொண்டால் அதற்குக் காப்புரிமை கேட்க முடியாது என்று அமெரிக்கக் காப்புரிமை அலுவலகம் இந்த ஜனவரியில் சொல்லியிருக்கிறது. நம் ஊர்க் கோயில் பாட்டுக்கு எவன் காப்புரிமை கேட்கிறான், எல்லாம் மைக் செட்காரர் பென் டிரைவில் போய்விடும். அதனால் சொல்லவில்லை.

ஜூலை 12, சனி

நாளை மறுநாள் ரெக்கார்டிங். அணைக்கட்டு ஊர்ப் பக்கம் ஒரு மாந்தோப்பு, பையன்களே பார்த்து வைத்திருக்கிறார்கள். எதிரில் நிற்க ஒரு பாட்டியும் வருகிறாராம், தோளைப் பார்க்க ஆள் வேண்டும் என்று நான் சொன்னதை அப்படியே எடுத்துக்கொண்டார்கள். சாமி வந்துவிட்டால் யார் விபூதி போடுவது?

ஜூலை 14, திங்கள்

காலை 5.40. ஆஸ்பத்திரிக்கு வரச் சொல்லிவிட்டார்கள், பையோடு. ஆட்டோ கீழே நிற்கிறது. மச்சான்தான் தோப்புக்குப் போகிறான். மச்சான், ஹார்ட் டிஸ்க் டேபிள் மேலேயே இருக்கிறது, ஆரஞ்சு கவர். மைக்கைப் பம்பையிலிருந்து நாலடி தள்ளி வை, சிலம்பை அதற்குக் கிட்டே விடாதே. ஒரே வேகத்தில் தட்டுகிற மெட்ரோனோம் போடாதே, யார் கேட்டாலும் போடாதே. பாட்டி உட்கார நாற்காலி