தப்பான விடையும் தயாராக இருக்க வேண்டும்

எக்செல்லில் ரேண்ட்பிட்வீன் (இரண்டு எல்லைக்குள் ஏதோ ஓர் எண்ணை எடுத்துத் தரும் சூத்திரம்) போட்டால் நிமிடத்தில் நூறு கணக்கு வரும். மலேசியாவின் சுங்கை சிப்புட் போன்ற தோட்டப் பட்டணத்தில் முதலாண்டு டிப்ளோமா பிள்ளைகளுக்குப் பயிற்சித்தாள் போட அது மட்டும் பத்தாது. நான்கு விடைகளில் தப்பான மூன்றை எங்கிருந்து எடுப்பது என்பதில்தான் வேலையே இருக்கிறது.

5,000 ரிங்கிட், ஆண்டுக்கு 6 விழுக்காடு, மாதந்தோறும் கூட்டு வட்டி, 2 ஆண்டு. சரியான விடை 5,635.80. தனி வட்டி போட்டவருக்கு 5,600 வரும். ஆண்டுக்கு ஒருமுறை கூட்டியவருக்கு 5,618. வட்டியை 12ஆல் வகுத்துவிட்டு, தவணையை மட்டும் 2 என்றே விட்டவருக்கு 5,050.13. இந்த மூன்றையும் சூத்திரமாகவே எழுதி வைத்தால், பிள்ளை எதில் கோடு போட்டது என்பதிலேயே எங்கே இடறியது என்று தெரிந்துவிடும். சும்மா 200 கூட்டி, 300 கழித்து வைக்கும் விடை எதையும் காட்டிக்கொடுக்காது.

இதிலும் குழி உண்டு. காலம் 1 ஆண்டு என்று விழுந்தால் தனி வட்டிக்கும் ஆண்டுக் கூட்டு வட்டிக்கும் அதே 5,300; ஒரே விடை இரண்டு இடத்தில் நிற்கும். 1,000 ரிங்கிட், 2 விழுக்காடு, 2 ஆண்டு என்றால் வருபவை 1,040, 1,040.40, 1,040.78. விடையை எழுதச் சொல்லி 50 சென் விட்டுக்கொடுத்தால், ஆண்டுக் கூட்டு போட்டவருக்கும் மார்க் விழும். வட்டி வீதம் 3, 6, 9, 12 என்றே இருக்கட்டும். 5ஐ 12ஆல் வகுத்து 0.42 என்று எழுதுபவர் கணக்கு தெரியாதவர் இல்லை, ஆனால் விடை விலகிவிடும்.

கார்க் கடன் கணக்கில் 'ஃப்ளாட்' (கடைசி வரை முழுக் கடனுக்கும் வட்டி) என்ற சொல்லை விடவே கூடாது. 60,000 ரிங்கிட், ஃப்ளாட் 3 விழுக்காடு, 9 ஆண்டு: மாதம் 705.56. அந்தச் சொல் இல்லையென்றால், குறையும் மீதிக்கு வட்டி போட்டு 634 சொச்சம் என்று எழுதும் பிள்ளையைக் குறை சொல்ல முடியாது. ஃப்ளாட் 3 என்பது உண்மையில் 5.5 விழுக்காட்டை ஒட்டி வரும். அதையே அடுத்த கேள்வியாக வைக்கலாம்.

கூட்டு (சீட்டு) பிடிக்கும் தொழிலுக்கு மலேசியாவில் 1971லேயே தடைச் சட்டம் வந்துவிட்டது. இருந்தாலும் தற்போதைய மதிப்பை, அதாவது பின்னால் வரும் பணம் இன்றைக்கு எவ்வளவு பெறும் என்பதை விளக்க இவ்வளவு தோதான கணக்கு கிடைப்பது அரிது. 10 பேர், மாதம் 200. கடைசி மாதம் எடுப்பவரின் 2,000, மாதம் அரை விழுக்காட்டில், முதல் மாதத்தில் 1,912.21தான்.

இன்னொன்று: எக்செல்லில் எந்தக் கட்டத்தைத் திருத்தினாலும் ரேண்ட்பிட்வீன் புது எண்ணைப் போட்டுவிடும். தாளை அச்சிட்ட பிறகு விடைத்தாள் எடுத்தால் இரண்டும் ஒட்டாது. கணக்கு வந்தவுடனே எண்களை மதிப்பாக மட்டும் ஒட்டி, தாளின் மூலையிலும் விடைத்தாளிலும் ஒரே வரிசை எண்ணைப் போட்டுவிட வேண்டும்.