எந்தக் கையில் கைத்தடி

'ஹவுஸ்' என்னும் அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரின் நாயகன் ஒரு மருத்துவர். வலது தொடைக்கு இரத்த ஓட்டம் தடைபட்டு, தசையின் ஒரு பகுதி செத்துப்போனதால் அவர் தீராத வலியோடு காலைத் தாங்கித் தாங்கி நடக்கிறார். கைத்தடியையும் அந்த வலது கையிலேயே ஊன்றுகிறார். மதுரையில் ஒரு தனியார் மருத்துவமனையின் தீவிர சிகிச்சைப் பிரிவில் செவிலியராக இருக்கும் நானும், என்னுடன் பணிபுரியும் சிலரும் அந்தத் தொடரைப் பற்றி இன்றுவரை பேசித் தீர்க்காமல் இருப்பதற்கு இந்தக் கைத்தடிதான் காரணம்.

எங்கள் இயன்முறை மருத்துவர்தான் முதலில் இதைக் கவனித்தார். வலிக்கும் காலுக்கு எதிர்ப்பக்கத்துக் கையில்தான் தடியைப் பிடிக்க வேண்டும். அடிபட்ட காலை ஊன்றும்போது எதிர்ப்பக்கத்தில் தடியும் தரையில் பதிந்தால் உடல் எடை இரண்டிலும் பகிர்ந்து இறங்கும், இடுப்பு ஒரு பக்கமாகச் சாயாது. இடுப்பு அறுவைக்குப் பின் நடை பழகும் பெரியவர்களுக்கு அவர் அன்றாடம் சொல்லிக்கொடுக்கும் பாடம் இது. ஆகவே இது தொடரை எடுத்தவர்களின் பிழை என்றார். இரத்தப் பரிசோதனைக் கூடத்தில் இருக்கும் தம்பி அதை ஏற்கவில்லை. உடற்கூறியலைக் கரைத்துக் குடித்த ஒரு மருத்துவருக்கு இது தெரியாமலா இருக்கும், தெரிந்தே தவறாகப் பிடிப்பது அவருடைய பிடிவாதத்தைத்தானே காட்டுகிறது என்று கேட்டார். எங்கள் மூத்த சிஸ்டர் இருவரையும் மறுத்தார். வலி எங்கே இருக்கிறதோ அங்கேயே பிடிமானம் இருந்தால்தான் மனிதனுக்குத் தைரியம் வரும் என்றும், நம் வார்டிலும் எத்தனை முறை சொன்னாலும் பெரியவர்கள் நாம் திரும்பிய மறுநிமிடம் தடியை அந்தப் பக்கமே மாற்றிக்கொள்கிறார்கள் அல்லவா என்றும் அவர் சொன்னார். எனக்கு மூத்த சிஸ்டர் சொன்னதே சரியாகப் படுகிறது. ஒரு காட்சி மருத்துவப்படி சரியா என்று கேட்கத் தொடங்குகிறவர்கள், அந்த மனிதன் ஏன் அப்படி நடந்துகொள்கிறான் என்ற கேள்விக்கு வந்து சேராமல் இருக்க முடியாது என்பதை அன்றுதான் உணர்ந்தேன்.

2004 முதல் 2012 வரை எட்டுப் பருவங்களாக 177 பகுதிகள் வந்த தொடர் அது. உருவாக்கியவர் டேவிட் ஷோர், சட்டம் படித்தவர். லிசா சாண்டர்ஸ் என்ற மருத்துவர், பிடிபடாத நோய்களைக் கண்டறிந்த கதைகளை நியூயார்க் டைம்ஸ் இதழில் எழுதிவந்த பத்தி இத்தொடருக்குத் தூண்டுதலாக இருந்தது. நாயகனின் குணமோ ஷெர்லாக் ஹோம்ஸிடமிருந்து வந்தது. ஹோம்ஸை ஆர்தர் கோனன் டாயில் தம்முடைய ஆசிரியரும் எடின்பரோ அறுவை மருத்துவருமான ஜோசப் பெல்லைப் பார்த்தே படைத்தார் என்பதால், மருத்துவரிடமிருந்து பிறந்த துப்பறிவாளன் ஒரு நூற்றாண்டு கழித்து மறுபடியும் மருத்துவமனைக்கே திரும்பி வந்திருக்கிறான் என்று சொல்லலாம். நாங்கள் அதை வெகு பிந்தித்தான் பார்த்தோம். இரவுப் பணி முடிந்து ஆரப்பாளையத்தில் உசிலம்பட்டிப் பேருந்து ஏறி, கைபேசியில் திரையடியில் ஓடும் ஆங்கில எழுத்துகளைப் படித்துக்கொண்டே பார்ப்பதும், மறுநாள் பணி ஒப்படைப்பு முடிந்ததும் தேநீர் ஆறுவதற்குள் பேசித் தள்ளுவதுமாக அது எங்கள் வழக்கமாயிற்று.

மருத்துவப் பிழைகளைப் பிடிப்பது எளிது. மருத்துவமனைத் தொடர்கள் பலவற்றில் காணப்படும் பெரிய பிழை, மானிட்டரில் நேர்கோடு விழுந்தவுடன் மின் அதிர்வு கொடுப்பதுதான். இதயத்தின் கீழறைகள் ஒழுங்கின்றி நடுங்கும்போதும், நாடித்துடிப்பு இல்லாமல் அவை மிக வேகமாக அடிக்கும்போதும் மட்டுமே அந்த அதிர்வு பயன்படும். தாறுமாறான மின்னோட்டத்தை ஒரு கணம் நிறுத்தி, இதயம் தன் சொந்தத் தாளத்துக்குத் திரும்ப அது இடம் கொடுக்கிறது. நேர்கோட்டில் நிறுத்துவதற்கே எந்த மின்னோட்டமும் இல்லை. அங்கே செய்ய வேண்டியது, நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை மார்பை ஐந்து சென்டிமீட்டர் ஆழத்துக்குக் குறையாமல் அழுத்துவதும், மூன்று முதல் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை அட்ரினலின் கொடுப்பதும், ஆக்சிஜன் குறைந்ததா, பொட்டாசியம் ஏறியதா என்று காரணத்தைத் தேடுவதும்தான். நடிகர்கள் முழங்கையை மடக்கி மெதுவாக அழுத்துவதை நான் குறை சொல்ல மாட்டேன். உயிரோடு படுத்திருக்கும் இன்னொரு நடிகரின் விலா எலும்பை யாரும் உண்மையாக அழுத்திவிட முடியாது.

ஆனால் இந்தப் பிழை திரையோடு நிற்பதில்லை. 1996இல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் இதழில் வெளியான ஓர் ஆய்வு, மூன்று அமெரிக்கத் தொலைக்காட்சி நிகழ்ச்சிகளில் இதயம் நின்றவர்களுக்கு உயிர்மீட்பு முயற்சி செய்யப்பட்ட காட்சிகளை எல்லாம் கணக்கெடுத்தது. அவற்றில் 75 விழுக்காட்டினர் உடனடியாகப் பிழைத்தார்கள். 67 விழுக்காட்டினர் வீடு திரும்பியதாகக் காட்டப்பட்டார்கள். மெய்யான வாழ்க்கையில், மருத்துவமனைக்குள்ளேயே இதயம் நின்றவர்களில்கூட உயிரோடு வீடு திரும்புகிறவர்கள், வசதி மிகுந்த நாடுகளிலேயே நான்கில் ஒருவர் அல்லது அதற்கும் குறைவு. இந்த இடைவெளியை நாங்கள் படுக்கையருகில் நின்று சந்திக்கிறோம். பல நாள் வென்டிலேட்டரில் இருந்த ஒரு பெரியவரின் இதயம் நின்று, முயற்சிகள் எல்லாம் முடிந்து, டியூட்டி டாக்டர் வெளியே வந்து சொன்ன பிறகும் அவருடைய மகன் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அந்த ஷாக்க மட்டும் ஒரு தடவ குடுத்துப் பாருங்க சிஸ்டர், காசு எவ்வளவுனாலும் கட்டிர்றோம்" என்றார். மருத்துவமனை எதையோ மிச்சம் வைத்திருக்கிறது என்ற எண்ணம் அவருக்குத் திரையிலிருந்து வந்தது. அந்த எண்ணத்தோடு அவர் சுடுகாட்டுக்குப் போகக் கூடாது என்பதற்காக, மானிட்டர் தாளை எடுத்துவந்து அந்தக் கோட்டுக்கு ஏன் ஷாக் கிடையாது என்பதை அவருக்குப் புரியும்வரை சொன்னேன்.

இதைவிடப் பெரிய பிழை ஒன்று உண்டு. அதை வெளியில் இருப்பவர்கள் கவனிப்பதில்லை. அந்தத் தொடரில் மருத்துவர்களே இரத்தம் எடுக்கிறார்கள், அவர்களே நுண்ணோக்கியில் பார்க்கிறார்கள், அவர்களே எம்.ஆர்.ஐ. அறையில் உட்கார்ந்து கருவியை இயக்குகிறார்கள். செவிலியர்கள் கண்ணாடிக்கு அப்பால் நடந்து போகிறார்கள். ஒரு கிருமி வளர்ப்புச் சோதனையில் கிருமி முளைக்க ஒன்றிரண்டு நாளாவது ஆகும். சில வேளை ஐந்து நாள் காத்திருக்கிறோம். திரையில் அது அடுத்த காட்சிக்குள் வந்துவிடுகிறது. பரிசோதனைக் கூடத்துத் தம்பிக்கு இதில் உண்மையான வருத்தம் உண்டு, அது நியாயமானதும்கூட. எங்களிடம் ஓர் இளம்பெண் வயிற்றுவலி, மலச்சிக்கல், இரத்தசோகை என்று வந்து, ஸ்கேனில் ஒன்றும் தெரியாமல் இருந்தபோது, சிவப்பணுக்களுக்குள் நீலப் புள்ளிகள் தூவியதுபோல் தெரிகின்றன என்று வார்டுக்கு முதலில் தொலைபேசியில் சொன்னவர் அவர்தான்.

ஈய நஞ்சில் அப்படிப் புள்ளிகள் தோன்றும். ஆனால் அந்தப் பெண் தொழிற்சாலையில் வேலை பார்க்கிறவர் அல்லர், வீட்டில் இருப்பவர். வேறு ஏதாவது மருந்து சாப்பிடுகிறீர்களா என்று சேர்க்கும்போதே கேட்டதற்கு இல்லை என்றே பதில் எழுதியிருந்தது. மூத்த சிஸ்டர் அன்று செய்ததை நான் அப்படியே எழுதிவைக்க விரும்புகிறேன். படுக்கையருகே எப்போதும் அமர்ந்திருந்த மாமியாரிடம் ஒரு மருந்துச் சீட்டைக் கொடுத்துக் கீழே அனுப்பிவிட்டு, அந்தப் பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டு, "சொல்லுத்தா, இப்ப இங்க நீயும் நானுந்தேன். குழந்தைக்குன்னு யாரு என்ன வாங்கிக் குடுத்தாக?" என்று கேட்டார். மணமாகிச் சில ஆண்டுகளாகக் குழந்தையில்லாத அவருக்கு, எங்கேயோ ஒருவர் கட்டிக்கொடுத்த பொட்டலப் பொடியை மாமியார் வாங்கிவந்து மாதக்கணக்கில் தேனில் குழைத்துக் கொடுத்திருக்கிறார். முறையாகப் படித்த சித்த மருத்துவர்களை இதில் சேர்த்துப் பேசுவது நியாயமாகாது. கொடுத்தவர் எதுவும் படித்தவர் அல்லர். இரத்தத்தில் ஈயத்தின் அளவை வெளியூர் ஆய்வகத்துக்கு அனுப்பிப் பார்த்தபோது அது உறுதியாயிற்று.

எல்லோரும் பொய் சொல்கிறார்கள் என்பதுதான் அந்தத் தொடர் நாயகனின் வேதவாக்கு. எங்களுக்குள் மிக நீண்ட விவாதம் இதைப் பற்றித்தான் நடந்தது. தம்பி அதை ஏற்பவர். அந்தப் பெண்ணையே சான்றாகக் காட்டினார். நான் ஏற்கவில்லை. அந்தப் பெண் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள மறைக்கவில்லை. தனக்காகக் கடன் வாங்கி மருந்து வாங்கிவந்த மாமியாரை எல்லார் முன்னிலையிலும் குற்றவாளியாக நிறுத்த அவருக்கு மனம் வரவில்லை. மாமியாருக்கோ அது மருந்து என்றே தோன்றவில்லை. கோயில் விபூதியைப் போல நல்லதற்காகக் கொடுத்த ஒன்று. அங்கே இரண்டு பேர் இருந்தார்கள், இரண்டு நோக்கங்கள் இருந்தன, ஒரு பொய்கூட இல்லை. சந்தேகத்தைத் தொழிலாகக் கொண்ட அந்த மருத்துவர் அங்கே இருந்திருந்தால் உண்மையைக் கண்டுபிடித்திருப்பார் என்பதில் ஐயமில்லை. ஆனால் எங்கள் சிஸ்டர் கண்டுபிடித்த வழியில் அந்தக் குடும்பம் உடையாமல் வீட்டுக்குப் போயிற்று.

அந்த வேதவாக்கு தோற்கும் இன்னோர் இடமும் உண்டு. மேலூர், நத்தம் பக்கத்துக் கிராமங்களில் தரையில் படுத்து உறங்குகிறவர்களைக் கட்டுவிரியன் இரவில் கடிக்கும். வலியும் இருக்காது, வீக்கமும் இருக்காது, பல நேரம் பல் பட்ட தடமும் தெரியாது. விடியற்காலையில் வயிற்றுவலி என்று எழுகிறவருக்கு இமைகள் தாமாகவே சரியும், பிறகு விழுங்க முடியாது, பிறகு மூச்சுத் தசைகள் ஓய்ந்துபோகும். அவரிடம் என்ன கேட்டாலும் பாம்பு கடிக்கவில்லை என்றுதான் சொல்வார், அவர் சொல்வது அவர் அறிந்தவரை முழு உண்மை. அந்த நேரத்தில் பயன்படும் கேள்வி, நேற்றிரவு எங்கே படுத்தீர்கள் என்பது மட்டுமே. அந்த ஒரு கேள்விக்குக் கிடைக்கும் பதிலோடு சரிந்த இமைகளையும் சேர்த்துப் பார்த்து நஞ்சுமுறி மருந்தைத் தொடங்கியதை நான் கண்டிருக்கிறேன்.

தொடரில் சரியாக இருந்த மருத்துவம் ஓர் உயிருக்கு உதவியதும் உண்டு என்பதைச் சொல்லாமல் விட்டால் நேர்மையாகாது. 2012இல் ஜெர்மனியின் மார்பர்க் நகருக்கு, கடுமையான இதயச் செயலிழப்போடு, பார்வையும் செவித்திறனும் மங்கிப்போன 55 வயதுக்காரர் ஒருவர் வந்தார். உடைந்த பீங்கான் இடுப்பு மூட்டை எடுத்துவிட்டு உலோக மூட்டு பொருத்தியிருந்தார்கள். அங்கே யுர்கன் ஷேஃபர் என்ற மருத்துவர் இந்தத் தொடரைப் பாடமாக வைத்து மாணவர்களுக்கு நடத்திவந்தவர். ஏழாம் பருவத்தில், மருத்துவமனைத் தலைவியின் தாய்க்கு உலோக மூட்டிலிருந்து கசிந்த கோபால்ட் நஞ்சானதாகக் காட்டிய பகுதி அவருக்கு நினைவில் இருந்தது. பரிசோதித்தபோது கோபால்ட்தான். 2014இல் லான்செட் இதழில் அதை வெளியிட்டார்கள். இச்செய்தியைத் தம்பி எங்களுக்குப் படித்துக் காட்டியபோது, ஐயா என்று நாங்கள் மரியாதையோடு அழைக்கும் எங்கள் மூத்த மருத்துவர்கூட ரவுண்ட்ஸை நிறுத்திவிட்டுக் கேட்டார்.

இன்னொன்றில் எனக்கு இன்றும் மனம் ஒப்பவில்லை. அந்தத் தொடரின் இளம் மருத்துவர்கள் நோயாளியின் வீட்டுக்குள் அனுமதியின்றிப் புகுந்து அலமாரியையும் குளியலறையையும் துழாவுகிறார்கள். சட்டப்படி அது குற்றம். ஆனால் அதற்குப் பின்னால் உள்ள நோக்கம் விளங்குகிறது: வாய் சொல்லாததைப் பொருள் சொல்லும் என்று அவர்கள் நம்புகிறார்கள். எங்களிடம் அதற்குப் பூட்டை உடைக்காத ஒரு வழி இருக்கிறது. வீட்டில் இருக்கும் மருந்து, டானிக், எண்ணெய், பொட்டலம், ஊசி, யார் கொடுத்ததாக இருந்தாலும் சரி, அத்தனையையும் ஒரு மஞ்சள் பையில் போட்டு எடுத்துவரச் சொல்கிறோம். அந்தப் பையை மேசையில் கவிழ்த்தால், நிறுத்தச் சொன்ன சர்க்கரை மாத்திரையும், அண்டை வீட்டார் கொடுத்த வலி மாத்திரையும், பெயர் எழுதாத சூரணமும் ஒன்றாக வந்து விழும். ஒவ்வொன்றையும் கையில் எடுத்து, இது யாருக்கு, எப்போதிலிருந்து, யார் வாங்கித் தந்தது என்று உறவினர்களிடம் பொறுமையாகக் கேட்டுக் கேஸ் ஷீட்டில் எழுதுவோம். புதிதாகச் சேரும் செவிலியர்களிடம், வேறு மருந்து உண்டா என்று கேட்பதை விட்டுவிட்டு, வீட்டில் உங்கள்மேல் அக்கறை உள்ளவர்கள் யார் யார், அவர்கள் என்னென்ன கொடுத்தார்கள் என்று கேட்கச் சொல்கிறோம்.