15 பாகை திருப்பி நிறுத்த மூன்று கிழமை

தங்கச்சி வீட்டிலிருந்தே தோடு, சிமிக்கி செய்து விற்கிறாள். ஒரு தோட்டைச் சுற்றிவர 24 படம் எடுத்து அடுக்கினால், ஃபோனில் விரலால் தள்ளத் தள்ள அது சுழல்வது போலத் தெரியும் என்று எங்கேயோ பார்த்துவிட்டு வந்து, "அண்ணா, நீங்க மோட்டர் எல்லாம் வச்சு நோண்டுறீங்கதானே, ஒரு தட்டை 15 பாகை 15 பாகையா திருப்பித் தர ஏலாதா?" என்றாள். ஏலும் என்று சொல்லிவிட்டேன். அது ஒரு சனிக்கிழமை மதியம். இரவுக்குள் முடித்துவிடலாம் என்றுதான் நினைத்தேன்.

கட்டளைக்கு ஒரு படி வீதம் திரும்பும் ஸ்டெப்பர் மோட்டர் வாங்கியிருந்தால் ஒருவேளை முடிந்தும் இருக்கும், அதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இலக்குக்கும் இருக்கும் இடத்துக்கும் உள்ள பிழையைப் பார்த்துப் பார்த்து மோட்டரை ஓட்டும் முறையான பிஐடி, பிஐடி என்று படித்ததை ஒருமுறையாவது கையால் செய்து பார்க்க வேண்டும் என்ற ஆசை பல நாளாக இருந்தது. கொழும்பு வெள்ளவத்தையில் 100ஆம் இலக்க பஸ் ஏறி புறக்கோட்டையில் இறங்கி, முதலாம் குறுக்குத் தெருவில் ஒரு 12 வோல்ட் கியர் மோட்டர் வாங்கினேன், பின்பக்கம் எவ்வளவு சுற்றியது என்று சொல்லும் என்கோடர் பூட்டியது. "தம்பி, இதில ஆறு வயர் வருது, சும்மா ரெண்டு வயர் மோட்டர் போதாதா?" என்று கடை நானா கேட்டார். அந்த மிச்ச நாலு வயருக்காகத்தான் வந்ததே.

அந்த நாலில் இரண்டு மின்சாரத்துக்கு, இரண்டு தகவலுக்கு. மோட்டர் தண்டின் வாலில் ஒரு சின்ன காந்த வட்டு, பக்கத்தில் காந்தத்தை உணரும் இரண்டு ஹால் சென்சர். ஒரு சுற்றுக்கு ஒவ்வொன்றும் 11 துடிப்பு தரும், இரண்டிலும் ஏற்றம் இறக்கம் எல்லாவற்றையும் எண்ணினால் 44. எது முந்தி வருகிறது என்பதை வைத்துத் திசையும் தெரிந்துவிடும். கியரில் 1:34 என்று எழுதியிருந்தது, மோட்டர் 34 தரம் சுற்றினால் தட்டு ஒரு தரம். 44ஐ 34ஆல் பெருக்கினால் தட்டின் ஒரு சுற்றுக்கு 1496, அதாவது ஒரு எண்ணிக்கை கிட்டத்தட்ட கால் பாகை. தோட்டுக்கு இது தாராளம். எல்லாவற்றையும் ஓட்டும் சின்னக் கணினிப் பலகையான ஆர்டுயினோ ஊனோவில், துடிப்பு வந்ததும் செய்கிற வேலையை இடைநிறுத்தி அதைக் கவனிக்கும் இன்டரப்ட் வசதியுள்ள பின் 2க்கும் 3க்கும் இரண்டு வயரையும் கொடுத்தேன்.

ஊனோ சொல்கிறபடி மோட்டருக்கு மின்சாரம் கொடுக்கும் டிரைவருக்கு முதலில் கையில் கிடந்த எல்298. அது உள்ளேயே இரண்டு வோல்ட்டைத் தின்றுவிட்டுச் சூடாகிறது, அதனால் பிறகு டிபி6612க்கு மாறினேன். சத்தம் மட்டும் போகவில்லை. மின்சாரத்தை வேகமாகப் போட்டு அணைத்து மோட்டரின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் ஊனோவின் பிடபிள்யூஎம் சாதாரணமாக 490 ஹேர்ட்ஸில் ஓடும், அது நன்றாகவே காதில் விழும். "என்னடா நுளம்பு மாதிரி" என்று அம்மா இரண்டு தரம் கேட்ட பிறகு அதை நடத்தும் டைமர் 1ஐ மாற்றி, காதுக்கு எட்டாத 20 கிலோஹேர்ட்ஸுக்குக் கொண்டு போனேன். வீட்டில் அமைதி.

இனி பிஐடி. காலி ஊருக்குப் போகும் காலி வீதியில் ஓடும் பஸ்ஸை நினைத்துக்கொள்ளுங்கள். தரிப்பிடம் தூரத்தில் இருக்கும்போது வேகமாகப் போய், கிட்ட வரவர மெதுவாவது 'பி'. எவ்வளவு வேகத்தில் நெருங்குகிறோம் என்று பார்த்து முன்கூட்டியே பிரேக்கில் கால் வைப்பது 'டி'. நிற்க வேண்டிய இடத்துக்கு நாலடி முன்னாலேயே நின்று, ஆட்கள் கத்தக் கத்தக் கொஞ்சம் கொஞ்சமாக முன்னே எடுப்பது 'ஐ'. (எங்கள் பஸ்களில் 'பி' மட்டும்தான் இருக்கிறது என்பது என் கருத்து.) இதைக் கணக்காக 1922இல் எழுதியவர் நிக்கோலாஸ் மினோர்ஸ்கி. கப்பலில் சுக்கான் பிடிப்பவர்கள் இப்போதைய விலகலை மட்டும் பார்ப்பதில்லை, இதுவரை எவ்வளவு விலகி வந்தது, எவ்வளவு வேகமாக விலகுகிறது என்பதையும் சேர்த்தே திருப்புகிறார்கள் என்று கவனித்து எழுதினார்.

'பி'யை மட்டும் 2 என்று வைத்து, அதாவது மிச்சமிருக்கும் எண்ணிக்கையின் இரண்டு மடங்கை மோட்டருக்குக் கொடுத்து ஓடவிட்டேன். தட்டு போய் இலக்குக்கு நாலரைப் பாகை முன்னாலேயே நின்றுவிட்டது. காரணம் பிறகுதான் விளங்கியது. முழு வலு 255 என்றால், 38க்குக் கீழே கொடுத்தால் இந்த மோட்டர் அசையாது, உராய்வு பிடித்துக்கொள்ளும். மிச்சம் 19 எண்ணிக்கை இருக்கும்போது 'பி' தருவதே 38தான். 'பி'யை 8 ஆக்கினால் கிட்டப் போகிறது, ஆனால் தாண்டிவிட்டுத் திரும்பி வருகிறது. 'ஐ' சேர்த்தேன். அங்கேதான் ஒரு கிழமை போனது.

தட்டு நின்றதும் அடங்காது. டிக். இரண்டு விநாடி சும்மா இருக்கும். மறுபடி டிக், எதிர்ப்பக்கம். இரவில் கடற்கரைப் பக்கமாகக் கோச்சி போகும்போது மேசை அதிர்கிறது, அதனால்தான் என்று இரண்டு நாள் உறுதியாக நம்பி, மேசைக்கு அடியில் பழைய செருப்பை வெட்டி வைத்தேன். கோச்சி ஒன்றுமே செய்யவில்லை. ஒரு எண்ணிக்கை பிழை இருந்தாலும் 'ஐ' அதைச் சேர்த்துக்கொண்டே வரும், உராய்வை உடைக்கும் அளவு சேர்ந்ததும் ஒரே தள்ளு, மறுபக்கம் போய்விடும், அங்கிருந்து மறுபடி சேரும். மருந்து இரண்டு: இலக்கை நோக்கி நகர வேண்டிய நேரமெல்லாம் உராய்வுக்கென்று தனியாக ஒரு 35ஐக் கூட்டிக் கொடுப்பது, பிழை ஒரு எண்ணிக்கைக்குள் வந்ததும் மோட்டரை நிறுத்தி 'ஐ'யில் சேர்ந்ததைப் பூச்சியமாக்குவது. டிக் டிக் போய்விட்டது.

அப்புறமும் எப்போதாவது ஒருமுறை தட்டு காரணமில்லாமல் வெடுக்கென்று உதறும். ஊனோவில் இருக்கும் ஏடிமெகா328பி எட்டு பிட் சிப். என்கோடர் எண்ணிக்கையை வைத்திருக்கும் நாலு பைட் எண்ணை அது ஒவ்வொரு பைட்டாகத்தான் வாசிக்கும். பாதி வாசிக்கும்போது இன்டரப்ட் வந்து எண் 255இலிருந்து 256 ஆனால், பழைய பைட்டும் புதிய பைட்டும் கலந்து கையில் கிடைப்பது 511 ஆகவும் இருக்கலாம். வாசிக்கும் அந்தக் கணத்துக்கு மட்டும் இன்டரப்டை நிறுத்திவைத்தால் சரி.

இவ்வளவும் செய்து 24 படம் எடுத்தால், கடைசிப் படத்திலிருந்து முதல் படத்துக்குப் போகும் இடம் மட்டும் பொருந்தவில்லை. சுற்று முடியும் இடத்தில் தோடு ஒரு சின்னத் தாவல் தாவுகிறது. மறுபடி 'பி', 'ஐ', 'டி' மூன்றையும் திருகினேன், நாலு நாள். ஒன்றும் மாறவில்லை, ஒவ்வொரு சுற்றிலும் அதே இரண்டு பாகை குறைகிறது. மாறாமல் ஒரே அளவு பிழை வந்தால் அது கட்டுப்பாட்டின் குற்றமாக இருக்காது என்று நாலாம் நாள்தான் உறைத்தது. 1496ஐ 24ஆல் வகுத்து வந்ததை முழு எண்ணில் வைத்திருந்தேன். 62. தசமம் போய்விட்டது. 24 தரம் 62 கூட்டினால் 1488. ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்குத் தெரிந்த மிச்சம், என் பிஐடி ஒவ்வொரு முறையும் அந்தப் பிழையான இடத்தில் போய் அழகாக நின்றிருக்கிறது.

கணக்கைப் பார்த்த கையோடு 34 உண்மையிலேயே 34தானா என்றும் பார்ப்போம் என்று தோன்றியது. தட்டில் ஒரு கோடு கீறி, 50 சுற்று மெதுவாக ஓடவிட்டு அதே கோட்டில் நிறுத்தினேன். 22ஆவது சுற்றில் எண் திடீரென்று மைனஸுக்குப் போனது. ஊனோவில் சாதாரண முழு எண் 32767ஐத் தாண்டாது, நான் திரைக்கு அனுப்பும்போது அப்படி ஒரு எண்ணில் போட்டு அனுப்பியிருந்தேன். திருத்தி மறுபடி ஓட்டியதில் 74831 வந்தது, 1496 சரியென்றால் 74800 வந்திருக்க வேண்டும். ஆக விகிதம் 34 இல்லை, 34.014 அளவில். ஒரு சுற்றுக்கு இது பெரிய விடயமில்லை, ஆனால் பல சுற்று ஓடினால் சேர்ந்துகொண்டே வரும். மலிவாகக் கிடைக்கும் 28பிஒய்ஜே-48 ஸ்டெப்பரிலும் இதே கதைதான், 64 என்று சொல்லும் கியர் உண்மையில் 63.68.

இப்போது ஒவ்வொரு நிறுத்தத்தின் இலக்கையும் முந்திய நிறுத்தத்திலிருந்து கூட்டாமல், தொடக்கத்திலிருந்தே கணக்கிடுகிறேன்: நிறுத்த எண் × 74831 ÷ 1200, கிட்டிய முழு எண்ணுக்கு. எந்த நிறுத்தத்திலும் இலக்குக் கணக்கின் பிழை அரை எண்ணிக்கைக்கு மேல் போகாது, சேரவும் சேராது.

மிச்சம் இருந்தது கியர்ப் பற்களின் தளர்வு. என்கோடர் மோட்டர் பக்கம் இருப்பதால் தட்டைக் கையால் ஒன்றரைப் பாகை ஆட்டினாலும் அதற்குத் தெரியாது. எப்போதும் ஒரே திசையிலிருந்து வந்து நிற்கும்படி வைத்து, தட்டுக்கு அடியில் லேசாக உரசுகிற மாதிரி ஒரு கம்பளித் துண்டை ஒட்டினேன், பற்கள் ஒரு பக்கமாகவே சாய்ந்திருக்கும். அதனால் அசையத் தொடங்கும் அளவு 38இலிருந்து 46க்கு ஏறியது, கூட்டிக் கொடுக்கும் 35ஐ 42 ஆக்கினேன்.

நேற்றுத்தான் முதலாவது முழுச் சுற்று ஓடியது. முதல் படமும், சுற்று முடிந்து அதே இடத்தில் எடுத்த 25ஆவதும் ஒன்றன்மேல் ஒன்று வைத்தால் அப்படியே பொருந்தின. தங்கச்சி இரண்டு தரம் தள்ளிப் பார்த்துவிட்டு, "தட்டு ஆடல்ல அண்ணா, சிமிக்கிதான் ஆடுது" என்றாள். உண்மைதான், தட்டு நிற்கிற வேகத்தில் தொங்குகிற சிமிக்கி ஊஞ்சலாடுகிறது, அதற்கு என்கோடர் கிடையாது. இன்றிரவு வேகத்தைப் படிப்படியாக ஏற்றி இறக்கும்படி எழுதப்போகிறேன், அதுவரை ஒவ்வொரு நிறுத்தத்திலும் மூன்று விநாடி பொறுத்துப் படம் எடுக்கச் சொல்லியிருக்கிறேன்.