லேசர் அறை நாட்குறிப்பு: அக்டோபர் 2024

அக்டோபர் 7

கறுப்பு லாப்ரடார், 9 வயது, 34 கிலோ. எக்ஸ்ரேயில் இரண்டு இடுப்பு மூட்டுகளிலும் தேய்மானம். மெலாக்ஸிகாம் என்ற வலி மருந்து ஏற்கெனவே போகிறது. வலி குறையவும் புண் ஆறவும் கொடுக்கும் லேசர் ஒளிச் சிகிச்சையைத் தொடங்குவதால் அதை நிறுத்தவில்லை.

கணக்கு இப்படி. ஒரு பக்க இடுப்பில் மூட்டுக்கு முன்னும் பின்னும் பக்கவாட்டிலும் சேர்த்து 15 × 10 செ.மீ., அதாவது 150 சதுர செ.மீ. ஆழத்தில் இருக்கும் மூட்டு என்பதால் சதுர செ.மீ.க்கு 8 ஜூல். மொத்தம் 1,200 ஜூல். ஒரு வாட் என்றால் நொடிக்கு ஒரு ஜூல், ஆகவே 5 வாட்டில் 4 நிமிடம். நாய் கறுப்பு, அதன் நிறமியான மெலனின் ஒளியை மேலேயே விழுங்கித் தோலைச் சூடாக்கும். எனவே 3 வாட்டுக்கு இறக்கி, 6 நிமிடம் 40 நொடி கொடுத்தோம். ஜூல் அதேதான், நிதானமாகப் போகிறது.

இதையே அரை வாட் தரும் 3பி வகுப்பு (சக்தி குறைந்த) கருவியில் செய்தால் ஒரு பக்கத்துக்கு மட்டும் 40 நிமிடம் ஆகும். எந்த நாயும் அவ்வளவு நேரம் படுக்காது. பத்து நிமிடத்தில் நிறுத்திவிட்டு, லேசரால் பலனில்லை என்று முடிவுகட்டுவது இங்கிருந்துதான் வருகிறது. இங்கே ஒளிதான் மருந்து, போய்ச் சேர்ந்தது அதில் கால் பங்குதான்.

முடியை மழிக்க உரிமையாளர் தயங்கினார். ஆனால் லாப்ரடாரின் உள்முடி அடர்த்தி. மழிக்காவிட்டால் ஒளியில் பெரும்பங்கு முடியிலேயே நின்றுவிடும். முடி மழிக்கும் கருவியில் 10ஆம் எண் பிளேடு போதும். மூட்டுக்கு, லேசர் கருவியின் தொடுமுனையைத் தோலில் வைத்து லேசாக அழுத்தி நகர்த்த வேண்டும். அழுத்தினால் தோலின் இரத்தம் ஒதுங்கி ஒளி ஆழம் போகும். நொடிக்கு 3 முதல் 5 செ.மீ. வேகத்தில் கை நகர்ந்துகொண்டே இருக்க வேண்டும், ஒரே இடத்தில் நின்றால் சுடும். மற்றக் கை பின்னாலேயே தடவி வரட்டும். தோல் துடித்தாலோ நாய் திரும்பிப் பார்த்தாலோ சக்தியைக் குறை.

அக்டோபர் 9

சிவப்புப் புள்ளி தெரிவதால் "இதுதான் லேசர்" என்று நினைத்துவிடுகிறார்கள். அது வழிகாட்டும் விளக்கு மட்டுமே. வேலை செய்யும் 810, 980 நானோமீட்டர் ஒளி கண்ணுக்குத் தெரியாது. தெரியாததால் இமையும் மூடாது. அரை வாட்டுக்கு மேற்பட்ட 4ஆம் வகுப்புக் கருவியில், எதிரொளித்து வரும் கதிரே விழித்திரையைச் சுட்டுவிடும்.

நம் பரிசோதனை மேசைகள் எல்லாம் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். அதன்மேல் அடர்நிறப் போர்வை விரிக்காமல் கருவியை இயக்கக் கூடாது. கழுத்துச் சங்கிலியையும் கழற்றிவிட வேண்டும். அறையில் இருப்பவர் எல்லோருக்கும், நாயைப் பிடித்திருப்பவருக்கும், கண்ணாடி கட்டாயம். அதன் சட்டத்தில் அச்சிட்டிருக்கும் அலைநீளம் கருவியின் அலைநீளத்தோடு பொருந்துகிறதா என்று படித்துப் பாருங்கள். வெயில் கண்ணாடி, அறுவை சிகிச்சை லேசருக்கு வாங்கிய கண்ணாடி, இரண்டும் இதற்கு உதவாது. நாயின் கண்ணைத் தடித்த கறுப்புத் துணியால் மூடினோம்.

அக்டோபர் 14

மழை வந்தால் புழுப்புண் வரும். தெருநாய், கழுத்தில் 6 × 5 செ.மீ. புண். யாரோ டர்பன்டைன் ஊற்றியிருக்கிறார்கள்.

இங்கே லேசர் கடைசி வேலை. புழுக்களை எடுத்து, சலைன் பீய்ச்சிக் கழுவி, செத்த தசையை வெட்டி எடுத்து, ஒற்றி உலர்த்திய பிறகுதான் கருவி. செத்த தசைக்கு ஒளி கொடுத்துப் பயனில்லை, அதை வாங்கிக்கொள்ள உயிருள்ள செல் வேண்டும். போவிடோன் அயோடின் பூசியிருந்தால் முழுக்கத் துடையுங்கள், அந்தப் பழுப்பு நிறம் ஒளியைக் குடிக்கும். வெள்ளை ஆயின்ட்மென்ட் திருப்பி அடிக்கும். டர்பன்டைனும் ஸ்பிரிட்டும் தீப்பிடிப்பவை, ஈரம் இருக்கும்வரை 4ஆம் வகுப்புக் கருவியை அருகில் கொண்டுபோகவே கூடாது.

சுற்றிலும் 2 செ.மீ. நல்ல தோலையும் சேர்த்து 10 × 9, அதாவது 90 சதுர செ.மீ. புண்ணுக்கு 3 ஜூல் வீதம் 270 ஜூல். தொடாமல், 2 செ.மீ. உயரத்தில், 1.5 வாட்டில் 3 நிமிடம். புண் பெரிதாக இருக்கிறதே என்று அளவைக் கூட்டும் ஆசை வரும். கூட்டாதீர்கள். குறைந்த ஒளி செல்லைத் தூண்டும், மிகுந்த ஒளி அடக்கிவிடும்.

அக்டோபர் 16

திரையில் 10 வாட். துடிப்பு முறை, பாதி நேரம் எரிகிறது, பாதி நேரம் அணைகிறது. அப்படியானால் சராசரி 5 வாட்தான். சில கருவிகள் உச்ச சக்தியைக் காட்டும், சில சராசரியை. கையேட்டைப் பார்த்து எது என்று கருவியின்மேல் எழுதி ஒட்டுங்கள். இல்லாவிட்டால் ஒவ்வொரு நாய்க்கும் பாதி மருந்துதான் போகும்.

லென்ஸில் முடியும் புண்ணிலிருந்து வடிந்த நீரும் காய்ந்து கருகியிருந்தது. ஒவ்வொரு நாய்க்குப் பிறகும் துடைத்து, லென்ஸ் நன்றாக உலர்ந்த பின்பே அடுத்த நாய்க்குப் போக வேண்டும். ஏ.சி. அறையிலிருந்து வெளியே எடுத்தால் மழைக்காலத்தில் லென்ஸ் வேர்க்கும், கால் மணி நேரம் காத்திருங்கள். ஒளியைக் கொண்டுவரும் ஃபைபரை இறுக்கிச் சுருட்டினால் உள்ளே முறியும். மாதம் ஒருமுறை பவர் மீட்டரில் அளப்பதைத் தவறவிடக் கூடாது.

அக்டோபர் 18

மாடு வைத்திருக்கும் ஒருவர் கேட்டது: "இது சூடு போடுற மாதிரிங்களா டாக்டர்?" நொண்டும் மாட்டுக்குப் பழுக்கக் காய்ச்சிய கம்பியால் சூடு போடும் வழக்கம் தெரிந்தவர், கேட்டது நியாயம். இல்லை. செல்லின் மைட்டோகாண்ட்ரியாவில் சைட்டோகுரோம் சி ஆக்ஸிடேஸ் என்ற நொதி இந்த ஒளியை வாங்கிக்கொள்கிறது, செல்லுக்கு ஆற்றல் கூடுகிறது என்பதே பெரும்பாலோர் ஏற்கும் விளக்கம். 1967இல் புடாபெஸ்டில் எண்ட்ரே மெஸ்டர் என்ற மருத்துவர், லேசர் புற்றுநோயை உண்டாக்குமா என்று மழித்த எலிகளில் சோதித்தார். புற்று வரவில்லை, முடிதான் வேகமாக வளர்ந்தது. தோல் வெந்தால் அது சிகிச்சையே இல்லை, தவறு.

அக்டோபர் 21

பெரிய இன நாய், முன்னங்கால் மணிக்கட்டுக்கு மேல் வீக்கம், நொண்டல். லேசர் கேட்டு வந்தார்கள். எக்ஸ்ரே இல்லாமல் தொட மறுத்தோம். அந்த இடம் எலும்புப் புற்றுக்குப் பேர்போனது, கட்டியின்மேல் இந்த ஒளி படக்கூடாது. கண், சினை வயிறு, விதை, இரத்தம் கசியும் இடம் ஆகியவற்றுக்கும் கிடையாது. உண்ணிக் காய்ச்சல் நாய்களில் இரண்டைக் கவனியுங்கள்: இரத்தம் உறைய உதவும் தட்டணு குறைந்து எங்காவது இரத்தம் கசிகிறதா, டாக்ஸிசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக் போகிறதா. அந்த மருந்து தோலை ஒளிக்குக் கூசவைக்கக்கூடியது, அவசரமில்லை என்றால் முடியும்வரை தள்ளிவையுங்கள்.

முதுகுத்தண்டு வட்டு பிதுங்கி அறுவை முடிந்த நாய்களுக்கு உறுதி சொல்லாதீர்கள். 2012 ஆய்வில் லேசர் பெற்றவை சீக்கிரம் நடந்தன, 2017 ஆய்வில் வேறுபாடு தெரியவில்லை.

அக்டோபர் 25

லாப்ரடாருக்கு 8ஆம் அமர்வு. வாரம் மூன்று என இரண்டு வாரம், பிறகு வாரம் இரண்டு. தொடைச் சுற்றளவை ஒரே இடத்தில் டேப் வைத்து அளக்கிறோம். படுத்து எழும் நேரத்தை உரிமையாளர் போனில் படம் எடுத்து அனுப்புகிறார். 7ஆம் தேதி எழ 9 நொடி, இன்று 5. மெலாக்ஸிகாம் இன்னும் போகிறது, ஆகவே இது எதனால் என்று பிரிக்க முடியாது. அடுத்த வாரத்திலிருந்து வாரம் ஒன்று. அளவு, வாட், நொடி, பரப்பு நான்கும் அட்டையில் ஏறியாயிற்று.