ஆல்ஃபா ஜிடிஏவைத் தேடி: அரேசே, மோன்சா, டுரின்

பயணக் களைப்பு இன்னும் தீரவில்லை, பெட்டியைக்கூடப் பிரிக்கவில்லை. ஆனாலும் சூடு ஆறுவதற்குள் எழுதிவிட வேண்டும். இத்தாலி போகிறவர்கள் ரோம், வெனிஸ், பைசா கோபுரம் என்று ஓடுவார்கள். நான் போனது பழைய ரேஸ் கார்களைப் பார்க்க. அதிலும் ஃபெராரியைத் தேடி இல்லை. அலுவலகம் போய்வர, பிள்ளைகளைப் பள்ளியில் விட என்று விற்ற காரையே வாங்கி, இளைக்க வைத்து, பந்தயத்தில் இறக்குவார்களே, அந்த டூரிங் கார்களின் சரித்திரத்தைத் தேடி. வழி, செலவு எல்லாம் வரிசையாகச் சொல்லத்தான் ஆசை. ஆனால் ஆல்ஃபா ரோமியோ என்ற இத்தாலிய கார் நிறுவனம், அதன் ஜிடிஏ என்ற பந்தயக் கார் என்று ஆரம்பித்துவிட்டால் வரிசை எங்கே நிற்கும் என்று தெரியாது.

முதலில் கோபத்தைக் கொட்டிவிடுகிறேன். ஆல்ஃபா ரோமியோ அருங்காட்சியகம் மிலானுக்கு வெளியே அரேசேயில் இருக்கிறது. மெட்ரோவில் சிவப்புத் தடத்தின் கடைசி நிறுத்தமான ரோ ஃபியெராவில் இறங்கி, பஸ் பிடிக்க வேண்டும். நான் போனது ஞாயிற்றுக்கிழமை. அட்டவணையில் இருந்த பஸ் வரவேயில்லை. அடுத்ததும் வரும் வழியைக் காணோம். நிழல்கூட இல்லாத நிறுத்தம். கடைசியில் ஒரு டாக்சியில் ஏறினேன். பத்து கிலோமீட்டர்கூட வராத தூரத்துக்கு 40 யூரோ கேட்டார் ஓட்டுநர். நம் கணக்கில் நாலாயிரம் ரூபாய்! ஞாயிறு, பெட்டி, காத்திருப்பு என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் வைத்திருந்தார். என் கையில் இருந்ததோ முதுகுப் பை மட்டும்தான். அந்தப் பணத்தில் இரண்டு நாள் சாப்பிட்டிருப்பேன். தயவுசெய்து வார நாளில் போங்கள். செவ்வாய்க்கிழமை மட்டும் வேண்டாம், அன்று அருங்காட்சியகத்துக்கு விடுமுறை.

உள்ளே போனதும் கோபம் பறந்துவிட்டது, அது வேறு விஷயம். 1976இல் திறந்து, பல வருடம் மூடிக் கிடந்து, 2015இல் புதுப்பித்துத் திறந்த இடம். பக்கத்தில்தான் ஆல்ஃபாவின் பழைய தொழிற்சாலை இருந்தது. 1963இல் அங்கிருந்து வெளிவந்த முதல் கார் ஜூலியா ஸ்பிரின்ட் ஜிடி. கார் உருவங்களை வடிவமைக்கும் பெர்டோனே நிறுவனத்தில் இளைஞராக வேலை பார்த்த ஜுஜாரோ வரைந்த உருவம் அது. அந்த ஆலை நிலத்தில் இன்று பெரிய ஷாப்பிங் மால் நிற்கிறது. பார்க்கிங்கில் வண்டிகள் வரிசை கட்டி நின்றன, அருங்காட்சியகத்துக்குள்ளோ கூட்டமே இல்லை. எனக்கு அது பொறுக்கவில்லை.

நான் தேடி வந்த ஜிடிஏ அந்த ஸ்பிரின்ட் ஜிடியிலிருந்து பிறந்தது. 1965இல் ஆம்ஸ்டர்டாம் மோட்டார் கண்காட்சியில் காட்டினார்கள். பார்த்தால் அதே கார்தான். ஆனால் இரும்புத் தகடுகளுக்குப் பதில் அலுமினியக் கலவைத் தகடுகளை ரிவெட் அடித்து வைத்தார்கள். பக்கக் கண்ணாடிக்குப் பதில் பிளாஸ்டிக். எஞ்சினின் அடித்தொட்டி, மேல் மூடி, சக்கரம் எல்லாம் மெக்னீசியம். 950 கிலோ கார் 745 கிலோவாக இறங்கியது. 1570 சிசி எஞ்சினில் ஒவ்வொரு சிலிண்டருக்கும் இரண்டு ஸ்பார்க் பிளக். நான்கு சிலிண்டருக்கு எட்டு பிளக்! சாலை வண்டிக்கு 115 குதிரைத்திறன், பந்தயத்துக்குத் தயார் செய்ததில் 170 வரை.

அதன் முன்னால் ரொம்ப நேரம் நின்றேன். பேரனோடு வந்த ஒரு தாத்தா பக்கத்தில் நின்றார். அவருக்கு ஆங்கிலம் வராது, எனக்கு இத்தாலியன் வராது. கையால் காந்தத்தை ஒட்டுவதுபோலக் காட்டி, 'ஒட்டாது' என்று விரலை ஆட்டினார். ஜிடிஏ அசலா போலியா என்று பார்க்க அங்கே எல்லோரும் செய்யும் சோதனை போல. பிறகு உள்ளங்கையைச் சாய்த்து, வளைவில் முன்சக்கரம் ஒன்று அந்தரத்தில் தூக்கிக்கொள்வதை நடித்துக் காட்டினார். ஜிடிஏவின் பழைய பந்தயப் படங்களில் நான் எத்தனையோ முறை பார்த்த காட்சி. அவர் அதை நேரிலேயே பார்த்திருப்பார் என்று நினைக்கிறேன்.

இந்தக் காரைப் பந்தயத்துக்குப் பழக்கியது ஆட்டோடெல்டா என்ற நிறுவனம். 1963இல் கார்லோ கிதியும் லுடோவிகோ கிட்சோலாவும் உதினே பக்கம் தொடங்கியது. பிறகு ஆல்ஃபாவின் அதிகாரபூர்வ பந்தயப் பிரிவாகி, மிலான் அருகே செத்திமோ மிலனேசேவுக்கு வந்தது. 1966 மார்ச்சில் மோன்சாவில் நடந்த நான்கு மணி நேரப் பந்தயத்தில் முதல் ஏழு இடமும் ஜிடிஏவுக்கே. அந்த வருடமும் அடுத்த வருடமும் ஆந்த்ரேயா தே ஆதாமிச் ஐரோப்பிய டூரிங் கார் பட்டம் வாங்கினார். அமெரிக்காவில் டிரான்ஸ்-ஆம் தொடரின் முதல் பந்தயம் செப்ரிங்கில். எட்டு சிலிண்டர் எஞ்சின் வைத்த ராட்சத வி8 கார்களெல்லாம் இருந்த அந்தக் களத்தில், யோகன் ரின்ட் ஒரு ஜிடிஏவில் முதலாவதாக வந்தார். பெரிய எஞ்சின்தான் ஜெயிக்கும் என்று வாதிடும் நண்பர்களுக்கு இதைச் சொல்லுங்கள். 1970இல் ஜிடிஏஎம் என்ற 2 லிட்டர் வடிவத்தில் தோய்னே ஹெஸெமான்ஸ் மறுபடியும் பட்டத்தைக் கொண்டுவந்தார்.

கார்களின் பக்கவாட்டில் இருக்கும் நான்கு இலைச் சின்னத்துக்கும் ஒரு கதை உண்டு. 1923இல் ஆல்ஃபா ஓட்டுநர் ஊகோ சிவோச்சி அதைக் காரில் வரைந்துகொண்டு தார்கா ஃப்ளோரியோ என்ற பந்தயத்தை ஜெயித்தார். அதே வருடம் மோன்சாவில், சின்னம் வரையாத காரில் பயிற்சி ஓட்டத்தின்போது இறந்துபோனார். அதிலிருந்து சதுரத்துக்குப் பதில் முக்கோணத்துக்குள் அந்த இலையைப் போட்டார்கள் என்பார்கள். ஒரு மூலையை அவர் நினைவாக விட்டுவிட்டார்களாம்.

அப்புறம் 155 வி6 டிஐ என்ற ஆல்ஃபா. 1993இல் டிடிஎம் என்ற ஜெர்மன் டூரிங் கார் தொடருக்கே போய், மெர்செடிஸை அவர்கள் வீட்டு முற்றத்திலேயே தோற்கடித்த கார். நிக்கோலா லாரினி அந்த ஒரு பருவத்தில் 10 பந்தயம் ஜெயித்தார். 2.5 லிட்டர் வி6, நான்கு சக்கர இயக்கம், 400க்கு மேல் குதிரைத்திறன். வெளியே இருந்து பார்த்தால் பக்கத்து வீட்டுக்காரர் வாங்கிய செடான் மாதிரி இருக்கும். டூரிங் கார் பந்தயத்தின் அழகே அதுதான். ஃபார்முலா ஒன் காரில் நம் வாழ்க்கை எதுவும் இல்லை. இதில் இருக்கிறது.

மறுநாள் மோன்சா. மிலானிலிருந்து ரயிலில் கொஞ்ச நேரம், டிக்கெட்டும் மலிவு. நிலையத்திலிருந்து பந்தயத்தளம் தூரம், நடப்பதென்றால் நல்ல செருப்பு வேண்டும். சுவர் சூழ்ந்த பிரம்மாண்டமான பூங்காவுக்குள் 1922இல் கட்டிய தளம். மரங்களுக்கு நடுவே 1955இல் கட்டிய சாய்வு வளைவு இன்னும் அப்படியே நிற்கிறது. கீழே நின்று அண்ணாந்து பார்த்தால் அது சாலை இல்லை, சுவர். மேல் விளிம்புவரை ஏற முயன்றேன், பாதியில் கால் வழுக்கியது. ஃபார்முலா ஒன் 1961க்குப் பிறகு இந்த வளைவுப் பக்கம் வரவில்லை. ஆயிரம் கிலோமீட்டர் பந்தயங்கள் மட்டும் 1969வரை ஓடின. இதை இடிக்காமல் வைத்திருப்பதற்காகவே இத்தாலிக்காரர்களுக்கு நன்றி சொல்லலாம்.

சாப்பாட்டைச் சொல்லியே ஆக வேண்டும். ஊருக்குள் ஒரு சின்ன உணவகத்தில் குங்குமப்பூ ரிசோட்டோ, மேலே லுகானேகா என்ற உள்ளூர் தொத்திறைச்சி. அரிசி குழையாமல், நடுவில் கொஞ்சம் கடிபடும்படி, வெண்ணெயும் சீஸும் சேர்த்து இழைய இழைய. தட்டை வழித்துச் சாப்பிட்டேன். விலை டாக்சிக்காரர் வாங்கியதில் பாதிகூட இல்லை. மிலான் பேராலயத்தைச் சுற்றியுள்ள கடைகளில் சாப்பிடவே சாப்பிடாதீர்கள். ஆறிப்போன பாஸ்தாவுக்குக் காசு, உட்கார்ந்ததற்கும் தனியாகக் காசு.

டுரினுக்கு மெதுவான ரயிலில் போனேன், அதிவேக ரயிலுக்குப் பணம் கட்டவில்லை. லிங்கோட்டோவில் பழைய ஃபியட் ஆலையின் கூரைமேல் இருக்கும் சோதனைத் தடத்தில் இன்று செடிகள் வளர்த்திருக்கிறார்கள். ஏறிப் பாருங்கள். மோட்டார் வாகன அருங்காட்சியகத்தில் 1907 பீக்கிங்-பாரிஸ் ஓட்டத்தின் இட்டாலா கார் நிற்கிறது. அது போதும் டிக்கெட் காசுக்கு.

ஆனால் என் டுரின், தெருவில் கிடைத்தது. வாலெண்டினோ பூங்கா ஓரம் ஒருவர் ஒரு குட்டி அபார்த் காரை நிறுத்தித் துடைத்துக்கொண்டிருந்தார். வியன்னாவில் பிறந்த கார்லோ அபார்த் 1949இல் ஆரம்பித்த பட்டறையில், சாதாரண ஃபியட் 600 எப்படி மாறியது என்பதற்கு அது சாட்சி. 633 சிசியாகப் பிறந்த வண்டி, 850, 1000 என்று வளர்ந்து ஐரோப்பியப் பந்தயங்களில் தன் பிரிவையே ஆண்டது. எஞ்சின் பின்னால் இருப்பதால் சூடு தணிய மூடியைத் திறந்தபடியே பொருத்தியிருப்பார்கள். நான் வாய் பிளந்து நிற்பதைப் பார்த்து அவர் ஸ்டார்ட் செய்தார். தெருவே திரும்பியது. அதே ஃபியட்டின் 1100தான் பம்பாயில் பிரீமியர் பத்மினி ஆனது, சோழவரம் விமானதளத்தில் ரேஸும் ஓடியது என்று கூகுள் மொழிபெயர்ப்பில் தட்டிக் காட்டினேன். அவர் நம்பவில்லை. போனில் படத்தைக் காட்டினேன். 'மில்லேசென்தோ!' (ஆயிரத்து நூறு) என்று கத்தி என் தோளில் ஓங்கித் தட்டினார். பிறகு கதவைத் திறந்து, உட்காரச் சொன்னார்.

பிரெஷியாவில் மில்லே மிலியா என்ற பழைய சாலைப் பந்தயத்தின் அருங்காட்சியகமும் இருக்கிறது. காசு தீர்ந்துவிட்டதால் அதைத் தொடவில்லை. அடுத்த முறை அங்கிருந்து ஆரம்பிக்கிறேன், டாக்சி இல்லாமல்.