நாலு பக்கெட் தண்ணீர்

“சார், நாலு பக்கெட் தண்ணி விட்டா ஓடிடும்” என்று கான்கிரீட் பம்ப் ஆபரேட்டர் அண்ணன் கேட்டபோது விடிகாலை 3 மணி இருக்கும். சரி என்று நான் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. “கீழ ஸ்லாப்பப் பாத்துட்டு வரேன்ணே” என்று சொல்லிவிட்டு ஏணிப் பக்கம் நடந்தேன். அதற்கு என்ன அர்த்தம் என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

சென்னையில் கத்திரி வெயில் நேரம். பகலில் லாரிகளை ஊருக்குள் விடமாட்டார்கள் என்பதால் ராத்திரி ராத்திரியாகத்தான் பேஸ் ஸ்லாப், அதாவது பூமிக்கடியில் அடித்தளம், போட்டுக்கொண்டிருந்தோம். அந்தக் கான்கிரீட் வண்டி பிளான்ட்டில் ஏற்றி இரண்டரை மணி நேரம் ஆகியிருந்தது. ரெடிமிக்ஸ் கான்கிரீட்டுக்கான ஐஎஸ் 4926 தரநிலை சொல்வது 2 மணி நேரம், இறுகுவதைத் தாமதப்படுத்தும் ரிடார்டர் போட்டிருந்தால் கொஞ்சம் கூடலாம் என்பதால் நான்தான் அதை உள்ளே விட்டேன். பாதி இறங்கியதும் கலவை இறுகத் தொடங்கி லைனில் பிரஷர் ஏறியது. இந்த மாதிரி நேரத்தில் சேர்க்க வேண்டியது பலத்தைக் குறைக்கும் தண்ணீர் இல்லை, கலவையை இளக்கும் ரசாயனமான அட்மிக்ஸர். அந்த டிரம் காலி. ஷிப்ட் தொடங்கும்போதே அதைப் பார்த்திருக்க வேண்டியவனும் நான்தான்.

பம்பை நிறுத்தியிருக்கலாமே என்று கேட்பீர்கள். கான்கிரீட்டை மேலே ஏற்றுவதைவிடக் கீழே இறக்குவதுதான் எனக்குப் பயம். 20 மீட்டர் செங்குத்துக் குழாயில் கலவை தன் எடையிலேயே பம்பை முந்திக்கொண்டு விழும், ஜல்லி தனி சாந்து தனியாகப் பிரியும், நடுவில் காற்று புகும். ஓடிக்கொண்டே இருந்தால் தப்பிக்கலாம், நின்றால் பிளாக். லைனைக் கழற்றி இடித்து எடுப்பதற்குள் கீழே போட்டது இறுகிவிடும், புதுக் கலவை அதோடு ஒட்டாது, நிலத்தடி நீர் முட்டிக்கொண்டிருக்கும் ஸ்லாப்பில் அந்த இடைவெளி ஆயுசுக்கும் கசியும். இதை எத்தனை தடவை எனக்கு நானே சொல்லிக்கொண்டேன் என்று கணக்கே இல்லை.

இன்னொரு கணக்கு மட்டும் சரியாக நினைவிருக்கிறது. மிச்சம் 3 கன மீட்டர். கன மீட்டருக்கு 400 கிலோ என்றால் சிமெண்ட் 1200 கிலோ, 0.40 தண்ணீர்-சிமெண்ட் விகிதத்தில் தண்ணீர் 480 லிட்டர். 15 லிட்டர் பக்கெட் நாலு சேர்த்தால் 540. வகுத்தால் 0.45. கடுமையான சூழலுக்குக் கான்கிரீட் தரநிலையான ஐஎஸ் 456 விடும் உச்சமே அதுதான், அப்படியானால் வரம்பைத் தாண்டவில்லை. இந்தக் கணக்கை ஏணியில் இறங்கும்போது போடவில்லை, மறுநாள் படுக்கையில் போட்டேன். 28 நாள் கழித்து, பலம் பார்க்க எடுத்து வைத்த கான்கிரீட் கியூப்களின் ரிசல்ட்டும் பாஸ். ஆனால் அந்தக் கியூப்கள் முன்னால் வந்த ஒரு வண்டியில் எடுத்தவை, இந்த வண்டியில் ஒன்றுகூட எடுக்கவில்லை.

அண்ணன்மேல் எனக்குக் கோபம் இல்லை. அவர் கேட்டுவிட்டுத்தான் செய்தார். பதில் சொல்லாமல் முடிவை அவர் தலையில் வைத்துவிட்டுப் போனது நான். ஒருவேளை திருப்பி அனுப்பச் சொல்லியிருந்தால் லைன் அடைத்து இதைவிட மோசமாகியிருக்கும், அன்றைக்கு அதுதான் சரி என்று இப்போதும் பாதி மனசு சொல்கிறது.

நான் மேலே வந்தபோது பம்ப் சீராக ஓடிக்கொண்டிருந்தது. பக்கெட் கவிழ்த்து வைத்தபடியே காய்ந்து கிடந்தது. வண்டியின் தண்ணீர் ஹோஸ் முனையில் சொட்டிக்கொண்டிருந்தது. எவ்வளவு விட்டீங்கண்ணே என்று நான் கேட்கவில்லை.